முதல் மீட்டரும் நூறாவது மீட்டரும்

இது நீண்ட பதிவு. கூட்டுப்பொருள் துறையில் ஆய்வு செய்யும் நண்பர்களையும், அவர்களுடைய ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பிற துறையினரும் தொடரும்படி அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு திருவனந்தபுரத்தில், ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய கருத்தரங்கில் என் முடிவுகளை முன்வைத்தேன். கண்ணாடி இழையும் பாலிப்ரொப்பிலீனும் சேர்ந்த, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு. புல்ட்ரூஷன் முறையில் இழுத்தது. வளைவு வலிமை, வெட்டு வலிமை, மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பல ஆண்டுகள் தொழிற்சாலையில் இருந்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்த ஒருவர் கேள்வி நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஒரே ஓட்டத்தில் அதிகபட்சம் எத்தனை மீட்டர் இழுத்தீர்கள்?”

பதினொன்று என்றேன். அவர் குறித்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நிமிடத்துக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் பதினொரு மீட்டர் என்பது 37 நிமிட வேலைகூட இல்லை. அதற்குள் அச்சின் வாயில் இழை அறுந்து அடைத்துக்கொண்டது, இயந்திரத்தை நிறுத்தினோம், கிடைத்ததில் நன்றாக இருந்த பகுதியிலிருந்து சோதனைத் துண்டுகளை வெட்டிக்கொண்டோம். ஆய்வேட்டில் அந்தத் துண்டுகள் இருக்கின்றன, அடைப்பு இல்லை. இதில் நெறியாளரையோ துறையையோ குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, எழுதியவன் நான். ஆனால் அன்றிரவு, நான் மேற்கோள் காட்டியிருந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த ஒரே கேள்வியை அவற்றிடமும் கேட்டுப் பார்த்தேன். எத்தனை மீட்டர்? மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றில் விடை இல்லை.

புல்ட்ரூஷன் ஒரு தொடர் உற்பத்தி முறை. அதைப் பற்றிய ஆய்வு, அது எவ்வளவு தூரம் தொடர்ந்தது, ஏன் நின்றது என்பதைச் சொல்லாமல் விடுவது முழுமையான ஆய்வு ஆகாது என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. இளகும் நெகிழிகளை வைத்துச் செய்யும் புல்ட்ரூஷனில் இந்த விடுபடல் வெறும் குறையல்ல. சிக்கலின் மையமே அங்குதான் இருக்கிறது. ஏன் என்று விளக்க வேண்டும்.

‘இழுத்தல்’, ‘பிதுக்குதல்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் புல்ட்ரூஷன். இடியாப்ப உரல் மாவைப் பின்னிருந்து தள்ளிப் பிதுக்குகிறது. நகை செய்பவரின் கம்பியச்சு, பொன்னை முன்னிருந்து பற்றி இழுத்துத் துளை வழியே மெலியச் செய்கிறது. நம் முறை இரண்டாவதற்கு நெருக்கமானது. (இதற்கு ‘இழுவார்ப்பு’ என்று ஒரு சொல்லைப் படைத்துப் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் கேலிக்குப் பின் கைவிட்டேன்.) வரிசையாக நிறுத்திய உருளைகளிலிருந்து கண்ணாடி இழைக் கற்றைகள் வருகின்றன, திரவ ரெசின் நிரம்பிய தொட்டியில் நனைகின்றன, சூடான எஃகு அச்சுக்குள் நுழைகின்றன, உள்ளே ரெசின் வேதிவினையால் இறுகுகிறது, மறுபுறம் கெட்டியான தண்டோ கோணமோ குழாயோ வெளிவருகிறது, இரண்டு பற்றிகள் மாறி மாறி அதை இழுக்கின்றன, கடைசியில் ஒரு ரம்பம். 1950களில் அமெரிக்காவில் பிராண்ட் கோல்ட்ஸ்வொர்தி போன்றோர் வளர்த்தெடுத்த இந்த முறையில் இன்று மின்கம்பி வடத் தட்டுகள், ஏணிகள், குளிர்விப்புக் கோபுரச் சட்டங்கள், ரசாயன ஆலைகளின் நடைபாதைக் கிராதிகள் எல்லாம் இந்தியாவிலேயே உற்பத்தியாகின்றன. பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எபாக்ஸி ஆகிய இறுகும் நெகிழிகளே அங்கே ஆட்சி செய்கின்றன.

அவற்றின் ஆட்சிக்குக் காரணம் பாகுநிலை. இறுகுவதற்கு முன் அந்த ரெசின் ஏறக்குறைய ஆமணக்கெண்ணெய் போல ஓடும், சுமார் 0.5 பாஸ்கல் நொடி என்று கொள்ளலாம். உருகிய பாலிப்ரொப்பிலீனோ நைலானோ தேனையும் மிஞ்சிய கெட்டிப் பாகு. தரத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப அது நூற்றுக்கணக்கான பாஸ்கல் நொடி வரும். ஓர் இழைக் கற்றையில் தலைமுடியைவிட மெல்லிய, 17 மைக்ரான் அளவுள்ள ஆயிரக்கணக்கான இழைகள் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த இடுக்குகளுக்குள் பாகு நுழைய வேண்டும். நுழையாத இடம் வெற்றிடம். அங்கே இழை தனியாகவும் நெகிழி தனியாகவும் நிற்கும், சுமையைப் பகிர்ந்துகொள்ளாது.

தார்சி விதியைக் கொண்டு ஒரு பருமட்டான கணக்குப் போடலாம். இழைக் கற்றையின் ஊடுருவு திறன் 10⁻¹³ சதுர மீட்டர், அச்சுக்குள் அழுத்தம் ஒரு மெகாபாஸ்கல், உருகுநெகிழியின் பாகுநிலை 500 பாஸ்கல் நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரம் ஊடுருவ ஏறக்குறைய 25 நொடி ஆகும். ஒரு மில்லிமீட்டர் ஊடுருவ வேண்டுமானால் பத்து மடங்கு நேரம் போதாது. நேரம் தூரத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வதால் நூறு மடங்கு, அதாவது 40 நிமிடத்துக்கும் மேல். அதே ஒரு மில்லிமீட்டரை 0.5 பாஸ்கல் நொடி உள்ள ரெசின் இரண்டரை நொடியில் கடந்துவிடும். அரை மீட்டர் நீள அச்சில் 25 நொடி தங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 1.2 மீட்டர் வேகத்தில் இழுக்கலாம், அது வணிக வேகம். 40 நிமிடம் தங்க வேண்டுமானால் அந்தத் தொழிலை மறந்துவிடலாம்.

ஆகவே இளகும் நெகிழிப் புல்ட்ரூஷனின் வரலாறு முழுவதும் அந்த ஊடுருவு தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளின் வரலாறுதான். கண்ணாடி இழையோடு நெகிழி இழையையும் கலந்தே நூற்றுவிடுவது ஒரு வழி. நான் பயன்படுத்துவது அதுதான். நெகிழிப் பொடியை இழைகளுக்கிடையே தூவி ஒட்டச் செய்வது இன்னொன்று. முன்பே ஊறவைத்த நாடாக்களை வாங்கி அடுக்குவது மூன்றாவது. மூன்றிலும் மூலப்பொருளின் விலை ஏறுகிறது. தொட்டியும் ரெசினும் வைத்திருக்கும் பட்டறைக்காரர் அந்த விலையைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்.

நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. திருவனந்தபுரத்தில் அமர்ந்து அதைப் பற்றிப் பேசுவதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நெகிழியை உருக்கி ஊட்டாமல், அதன் மூலக்கூற்று முன்னோடியை ஊட்டி, அச்சுக்குள்ளேயே நெகிழியாக்குவது. நைலான்-6-இன் முன்னோடி கேப்ரோலாக்டம். ஏறக்குறைய 70 பாகை செல்சியஸில் உருகி நீர் போல ஓடும்; வினையூக்கி சேர்த்து 150 பாகையில் வைத்தால் சில நிமிடங்களில் நைலான் ஆகிவிடும். ஊடுருவல் சிக்கல் ஒரே அடியில் தீர்கிறது. வேறொரு சிக்கல் வந்து நிற்கிறது: இந்த எதிர்மின் பலபடியாக்கத்துக்கு ஈரம் பகை. இழையின் மேல் படிந்த சிறிதளவு ஈரமே வினையைக் கொன்றுவிடும். ஜூன் மாதத்தில் இந்த ஊரின் காற்றில் ஈரப்பதம் எவ்வளவு என்று இங்கே துணி காயவைத்தவர்களைக் கேளுங்கள். இதே கேரளத்தில், உத்யோகமண்டலத்தில், ஃபாக்ட் நிறுவனம் 1990களிலிருந்து கேப்ரோலாக்டம் தயாரித்திருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் ஆலை நின்று, பிறகு மீண்டும் ஓடத் தொடங்கியது. மூலப்பொருள் நம் வாசலிலேயே இருக்கிறது; அதைக் கெடுக்கும் காற்றும் நம் வாசலிலேதான் இருக்கிறது. இழைகளை உலர்த்தி, உலர் நைட்ரஜன் சூழ்ந்த பாதையில் அச்சுவரை கொண்டுசெல்லும் அமைப்பு இதற்குத் தேவை. மழைக்காலம் முழுவதும் அது தாங்குகிறதா என்பது, ஜனவரி மாதத்தில் ஒரு நாள் இழுத்த இரண்டு மீட்டர் தண்டால் தெரிய வராது.

இங்கே இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டுப்பொருள் என்ற சொல்லுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பீரம் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியது. பத்தாண்டுகளுக்குள் கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள் வேலை இங்கே வேரூன்றிவிட்டது. அதில் முன்நின்றவர்களுள் அப்துல் கலாமும் ஒருவர். எஸ்.எல்.வி-3-இன் மேலடுக்கு எரிபொருள் உறைகள் இழைக் கூட்டுப்பொருளால் ஆனவை. அதன் நான்காம் கட்ட மோட்டாரிலிருந்து உருவானதே 1981-இல் ஆப்பிள் செயற்கைக்கோளை அதன் சுற்றுப்பாதைக்கு உயர்த்திய மோட்டார். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கூட்டுப்பொருள் பிரிவு இன்றும் வட்டியூர்க்காவில் இயங்குகிறது. ஆட்டோ ஓட்டுநருக்குக்கூட அந்த வாயில் தெரியும்.

அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஊட்டிய மனப்பாங்கு நம் ஆய்வுகளில் தவறான இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ராக்கெட்டின் எரிபொருள் உறை ஒவ்வொன்றாகச் செய்யப்படுவது. ஒவ்வொன்றும் சுற்றப்பட்டு, வேகவைக்கப்பட்டு, அலகலகாகச் சோதிக்கப்படும். பழுதானதை ஒதுக்கி, நல்ல ஒன்றை அனுப்பினால் போதும். அங்கே ‘சிறந்த மாதிரி’ என்பதற்குப் பொருள் இருக்கிறது. புல்ட்ரூஷன் ஏணிக்கம்பத்துக்கும் வேலிக்காலுக்கும் உரிய முறை. அதில் சிறந்த மாதிரி என்று ஒன்று கிடையாது. எட்டு மணி நேர ஷிப்டில் மூன்று பேர் மேற்பார்வையில், மின்சாரம் ஒரு முறை போய் வந்த பிறகும், வெளிவருவது என்னவோ அதுதான் பொருள். ராக்கெட்டுக்குரிய கண்ணோட்டத்தோடு ஏணியை ஆராய்ந்து, அதில் கிடைத்த எண்களை நாம் வெளியிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது மரபு ஒன்றும் இந்த ஊருக்கு உண்டு: இயற்கை இழை. பாப்பனங்கோட்டில் இன்று நிஸ்ட் என்று அழைக்கப்படும் ஆய்வகம், மண்டல ஆய்வகம் என்ற பெயரில் இருந்த 1980களில், கே. ஜி. சத்தியநாராயணாவும் அவருடைய குழுவினரும் தேங்காய் நார், வாழை நார் முதலியவற்றின் அமைப்பையும் வலிமையையும் முறையாக அளந்து, பாலியெஸ்டரோடு சேர்த்துத் தலைக்கவசம் போன்ற பொருள்களைச் செய்து பார்த்தார்கள். உலகெங்கும் இயற்கை இழை ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரைகளை இன்றும் எடுத்தாளுகிறார்கள். அவர்கள் அளந்து வைத்ததைப் படித்தாலே, தேங்காய் நாரைப் புல்ட்ரூஷனில் இழுப்பது ஏன் வீண் என்று விளங்கிவிடும். தேங்காய் நாருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் முப்பது பாகைக்கும் மேலான கோணத்தில் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. அதனால்தான் அது நீளும், அறாது, கயிறுக்கு உகந்தது. அதனால்தான் அதன் வலிமை கண்ணாடி இழையின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இழைகளை ஒரே திசையில் இறுக்கி நிறுத்துவதுதான் புல்ட்ரூஷனின் முழுப் பயன்; தனக்குள்ளேயே சுருண்டிருக்கும் இழைக்கு அந்தப் பயன் போய்ச் சேராது. தவிர நார் ஒரு சாண் நீளம்தான். தொடர்ந்து இழுக்க வேண்டுமானால் முறுக்கி நூலாக்க வேண்டும். முறுக்கினால் கற்றை இறுகி, முன்னே கண்ட ஊடுருவல் கணக்கு இன்னும் மோசமாகும். வெப்பம் 200 பாகையைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும், ஆகவே நைலானும் கூடாது. இவ்வளவும் தெரிந்த பிறகும், ‘கேரளத்தின் வளம்’ என்ற ஒரே காரணத்துக்காகத் தேங்காய் நாரையும் புல்ட்ரூஷனையும் ஒரு தலைப்பில் சேர்த்து எழுதத் துடிக்கும் முதலாமாண்டு மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நானும் அப்படி ஒரு முன்மொழிவோடுதான் வந்தேன். முதல் ஆறு மாதம் அதில் போயிற்று.

ஊர்ப் பெருமையைவிட ஆபத்தான இன்னொரு வாக்கியம் இருக்கிறது. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் அது இருந்தது: ‘இளகும் நெகிழிக் கூட்டுப்பொருள்கள் மறுசுழற்சிக்கு உகந்தவை.’ இதை எழுதாத முன்னுரை எங்கள் துறையில் இல்லை. எழுதியவர்களுள் தம் தண்டை உருக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் குமரி மாவட்டத்துக்காரன். ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலின் காற்றாலைகளும் எங்கள் பக்கம்தான் இருக்கின்றன. 1990களில் அங்கே நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. பழையனவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டது. அந்தப் பழைய இறக்கைகள் கண்ணாடி இழையும் இறுகும் நெகிழியும் சேர்ந்தவை. உருக்க முடியாது. வெட்டிப் புதைக்கலாம், அரைக்கலாம், சிமென்ட் உலையில் எரிக்கலாம். இனி வரும் பெரிய இறக்கைகளுக்குள் முதுகெலும்பு போல ஓடும் பட்டைகளைப் புல்ட்ரூஷனில் இழுத்துச் செய்வது இப்போது பரவலாகி வருகிறது. ஆகவே அவற்றை எந்த நெகிழியில் இழுக்கிறோம் என்ற கேள்விக்கு 25 ஆண்டு கழித்து ஆரல்வாய்மொழியில் விடை கிடைக்கும். ஸ்பெயினின் பொன்ஃபெராதாவில் 2022-இல் 62 மீட்டர் நீளமுள்ள இறக்கை ஒன்றை, அறைவெப்பத்தில் ஓடும் இளகும் ரெசின் கொண்டு செய்து காட்டினார்கள். அது புல்ட்ரூஷன் அல்ல, அச்சில் இழையை அடுக்கி ரெசினை உறிஞ்சவிடும் முறை. ஆயினும் இளகும் நெகிழி இறக்கைக்கு ஆகாது என்ற வாதம் அதோடு பலவீனமாகிவிட்டது.

இத்தனை பெரிய வாக்குறுதியின் மேல் நிற்கும் சொல் ‘மறுசுழற்சி’. அதைச் சோதிக்காமல் எழுதியிருந்த வெட்கத்தில், என் தண்டுகளைப் பட்டறையில் நறுக்கி, அரைத்து, மீண்டும் உருக்கி வார்த்தேன். தொடரிழை சில மில்லிமீட்டர் நீளத் துணுக்குகளாக மாறிவிடுகிறது. வார்ப்பில் வரும் பொருள் பயனற்றதல்ல. நாற்காலிக்கால் செய்யலாம், மின்பெட்டி மூடி செய்யலாம். மீண்டும் அதே தண்டாக அதை ஆக்க முடியாது. தண்டை முழுசாகவே சூடாக்கி வளைத்தும் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் வைக்கும் கண்ணாடி இழைக் கம்பிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் தரநிலை வெளியிட்ட பிறகு, கட்டுமானத் துறையினர் கேட்கும் முதல் கேள்வியே ‘களத்தில் வளைக்கலாமா’ என்பதுதான். இறுகும் நெகிழிக் கம்பியை வளைக்க முடியாது. ஆலையிலேயே வளைவோடு செய்து வர வேண்டும். என்னுடையது வளைந்தது. ஆனால் வளைவின் உட்புறத்து இழைகள் அமுங்கி நெளிந்துவிட்டன. கண்ணுக்கே தெரிந்தது. வளைக்கலாம் என்பது உண்மை. வளைத்த இடத்தில் வலிமை குறையும் என்பதும் உண்மை. முதல் உண்மையைப் பலர் எழுதிவிட்டார்கள்.

பதினொரு மீட்டருக்கு வருகிறேன். அந்தக் கருத்தரங்குக்குப் பிறகு ஒப்படைப்பைத் தள்ளிவைக்க நெறியாளரிடம் கேட்டேன். உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நெறியாளர் ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தின் சாவியைத் தந்தார். தமிழ்நாட்டில் கண்ணாடி இழைப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டு மேஸ்திரியாக இருந்த ஒருவரிடம் யோசனை கேட்கப் போனேன். இளகும் நெகிழி அவர் தொட்டதே இல்லை. என் எண்களைக் காட்டினேன். “தம்பி, முதல் மீட்டரு எல்லாருக்கும் வரும். நூறாவது மீட்டரு எப்படி வந்துச்சு, அதைச் சொல்லுங்க” என்றார். பிறகு அச்சின் வாயை விரலால் தடவிப் பார்த்து, நான்கு ஆண்டுகளில் நான் கவனிக்காத ஒன்றைச் சொன்னார்: இழைகள் அச்சை அடையுமுன்பே, வழிகாட்டிக் கண்ணிகளில் உரசி மயிர் பறக்கின்றன.

அறுந்த அந்த மயிர்கள் அச்சுக்குள் போவதில்லை. குறுகும் வாயில் தேங்குகின்றன. தேங்கியவை புதிய இழைகளைப் பிடித்து அறுக்கின்றன, அவையும் தேங்குகின்றன. எஃகுக் கண்ணிகளை மாற்றிப் பீங்கான் கண்ணிகள் வைத்தோம். உருளைகளின் இழுவிறைப்பைக் குறைத்தோம். முன்சூடாக்கும் பகுதியை நீட்டி, நெகிழி இழை அச்சை அடையும்போதே இளகியிருக்கும்படி செய்தோம். ஓட்டம் பதினொன்றிலிருந்து அறுபது மீட்டருக்கு நீண்டது.

அறுபது மீட்டரில்தான் உண்மையான பாடம் தொடங்கியது. இழுவிசையை நொடிக்கு நொடி பதிவு செய்தோம். முதல் நாற்பது நிமிடம் கோடு தட்டையாக ஓடுகிறது; யாரும் அதைப் பார்த்து ‘நிலையான இயக்கம்’ என்று எழுதிவிடுவார்கள். பிறகு மிக மெதுவாக ஏறத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் ஏற்றம் தெளிவாகிறது. அதன் பின் எப்போது வேண்டுமானாலும் அறும். என் பழைய ஓட்டங்கள் அனைத்தும் அந்தத் தட்டைப் பகுதிக்குள்ளேயே முடிந்துபோனவை. ஆகவே ‘நிலையான இயக்கத்தில் இழுத்த தண்டு’ என்று நான் எழுதியது பொய்யல்ல, ஆனால் அது சொல்லத் தகுந்த உண்மையும் அல்ல. மூன்றாவது மீட்டரில் வெட்டிய துண்டையும் எண்பதாவது மீட்டரில் வெட்டிய துண்டையும் மெருகேற்றி அருகருகே வைத்தேன். இரண்டாவதில் வெற்றிடங்கள் உருப்பெருக்காமலே தெரிந்தன. முதலாவதன் வலிமையைத்தான் அட்டவணையில் போட்டிருந்தேன்.

சந்தையில் கிடைக்கும் கண்ணாடி இழையின் மேற்பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கற்றைகளின் பூச்சு பாலியெஸ்டருக்கும் எபாக்ஸிக்கும் ஏற்றது. பாலிப்ரொப்பிலீன் அதோடு ஒட்டாது; அதற்குரிய பூச்சுள்ள இழையும், மாலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரொப்பிலீனும் வேண்டும். கட்டுரைகளில் ‘கண்ணாடி இழை’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்பவர்கள், அடுத்து அதே வேலையைச் செய்யப் போகும் மாணவருக்கு ஓர் ஆண்டு நட்டம் வைக்கிறார்கள்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். அவற்றுள் நியாயமும் உண்டு. ஓர் ஆராய்ச்சி மாணவனின் வேலை உற்பத்தி அல்ல. நூறு மீட்டர் இழுப்பது தொழிற்சாலையின் வேலை என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். தொழிற்சாலை இழுக்கும்தான், ஆனால் எழுதாது. எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்பது அதன் வணிக இரகசியம். பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகமும் அதை எழுதாவிட்டால், ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு சிறு பட்டறையும் அதே பதினொரு மீட்டரில் போய் நிற்க வேண்டியதுதான். இழைக்கும் நெகிழிக்கும் பணம் ஏது என்பது அடுத்த வாதம். அது உண்மையான வாதம். 6 மில்லிமீட்டர் தண்டை விட்டு 3 மில்லிமீட்டருக்குப் போங்கள் என்பதே என் பதில். குறுக்குப்பரப்பு நான்கில் ஒன்றாகும்; அதே மூலப்பொருளில் நான்கு மடங்கு நீளம் கிடைக்கும். தடித்த தண்டு புகைப்படத்தில் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

தோல்வியை எந்த ஆய்விதழ் வெளியிடும் என்பது மூன்றாவது. கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்கலாம் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் நீக்கிவிட்டது. துறைகள் பலவும் தம் சொந்த விதியாக அதைத் தொடர்கின்றன. தொடரட்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு எந்த ஆய்விதழின் அனுமதியும் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஓட்டத்தின் நீளம், நின்ற காரணம், இழுவிசைக் கோடு, கழிவாகப் போன மீட்டர்கள், சோதனைத் துண்டு வெட்டப்பட்ட இடம்: பத்துப் பக்கம் போதும். மதிப்பீட்டாளர்கள் கேட்கத் தொடங்கினால் மாணவர்கள் எழுதத் தொடங்குவார்கள். என்னிடம் ஒருவர் கேட்டார், அவ்வளவுதான்.

இதுவரை 37 ஓட்டங்கள். நீளமானது 94 மீட்டர். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி, அச்சின் வாயில் அடைத்து நின்றது. நூறாவது மீட்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. முப்பத்தேழு ஓட்டங்களின் பதிவேடும், எதற்கும் உதவாதவை என்று நான் முன்பு அழித்துவிட நினைத்த முதல் பன்னிரண்டு ஓட்டங்கள் உட்பட, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போகிறது. அதற்கு முன்பே வேண்டுவோர் செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன். குறுகும் வாயின் கோணத்தைக் குறைத்துப் புதிய அச்சு ஒன்று கடைசலில் இருக்கிறது. அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறார்கள்.